இடது தோள்

கடலூர் முதுநகர்,
16.6.2024

அன்பு மருமகள் கயல்விழிக்கு,

மாமா செந்தமிழ்செல்வன் எழுதுவது. இங்கே நானும் இளமதியும் சுகம். உன் அத்தை மலர்க்கொடிக்கு முழங்கால் வலி, அதனால் எங்கள் இருவருக்கும் தினமும் அர்ச்சனை. சிதம்பரம் தண்ணீர் உனக்கு ஒத்துக்கொள்கிறதா? விடுதியில் வயிறாரச் சாப்பிடுகிறாயா?

வார்டன் போனைப் பிடுங்கி வைத்துவிட்டாராமே. இனி நமக்குள் தபால்தான். பி.டி. மாஸ்டராகச் சேர்ந்த நாளிலிருந்து விடுப்பு விண்ணப்பம் தவிர நான் வேறு எதுவும் எழுதியதில்லை. சிரிக்காமல் படி.

உன் பெயரை ரக்பி சங்கத்தின் இணையதளத்தில் பதிந்துவிட்டேன். வழியைச் சொல்கிறேன், மனதில் வைத்துக்கொள். ஜூலை 7 மாவட்டத் தேர்வு, கடலூரில். அதில் தேறினால் ஆகஸ்ட் 18 மண்டலத் தேர்வு, விழுப்புரத்தில். மண்டலத்துக்கு மூன்று பேர், நான்கு மண்டலம், ஆகப் பன்னிரண்டு பேர். அதுதான் பதினெட்டு வயதுக்கு உட்பட்ட தமிழ்நாடு பெண்கள் அணி. சென்னையில் முகாம், பிறகு புனேயில் தேசியப் போட்டி. அந்தச் சான்றிதழ் ஒன்று கையில் இருந்தால் கல்லூரிக்காரன் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்பான்.

தேர்வானால் பதிவு செய்த போனுக்கு மெசேஜ் வரும். ஏழு நாளுக்குள் 'வருகிறேன்', 'வரவில்லை' என்று ஏதாவது ஒன்றை அழுத்த வேண்டும். வரவில்லை என்றால் காரணம் எழுத வேண்டும். அந்த இடம் உடனே அந்த மண்டலத்து ஸ்டாண்ட்-பையில் காத்திருப்பவளுக்குப் போய்விடும்.

வார்டன் எண்ணைக் கொடுக்கலாம் என்று நீ சொன்னாயாம். உன் அம்மா, என் அக்கா, என்னிடம் சொல்லிச் சிரித்தது. "தாய்மாமன் நம்பரு இருக்கும்போது வார்டன் நம்பரு எதுக்குடா? கேக்கறவங்க இன்னா நெனைப்பாங்க?" என்றது. அதன் பட்டன் போனில் மெசேஜ் படிக்கவும் முடியாது. உனக்குக் காது குத்தியபோது என் மடியில் உட்கார்ந்து புதுச் சட்டையை நனைத்தவள் நீ. என் எண்ணையே கொடுத்துவிட்டேன்.

ஒரு உதவி. என் பெண் இளமதியும் தேர்வுக்கு வருகிறாள். எனக்குப் பேப்பர் வேலை தெரியும், இந்த ஆட்டம் தெரியாது. நான் கபடிக்காரன், சங்கத்தில் இணைச் செயலாளர் நாற்காலி காலியாக இருந்தது, உட்கார்ந்துவிட்டேன். பந்தோடு ஓடுகிறவளை மறித்து டேக்கிள் பண்ணும்போது அவள் தலையை எதிராளியின் காலுக்கு முன்னால் நீட்டிவிடுகிறாள். பார்க்கிற எனக்கே கழுத்து வலிக்கிறது. நீ எழுதிச் சொன்னால் கேட்பாள்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் மாமா,
செந்தமிழ்செல்வன்


சிதம்பரம்,
24.6.2024

அன்புள்ள மாமாவுக்கு,

கயல்விழி எழுதிக்கொண்டது. நான் நன்றாக ஓடுகிறேன், நன்றாகத் தூங்குகிறேன். அத்தைக்கு முழங்கால் எப்படி இருக்கிறது? பண்ருட்டி பக்கம் போனால் அண்ணாகிராமத்தில் இறங்கி அம்மாவைப் பாருங்கள். முந்திரி உடைக்கிற கொட்டகையில் இந்த மாதம் வேலை ஜாஸ்தி, கொட்டை எண்ணெய் பட்டு விரலெல்லாம் வெந்துபோயிருக்கும். கேட்டால் ஒன்றுமில்லை என்றுதான் சொல்லும்.

நீங்கள் எழுதிய வழியை நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். மாவட்டம், மண்டலம், முகாம், புனே. நான் ரயிலில் விழுப்புரம் தாண்டியதே இல்லை மாமா. இரவு கண்ணை மூடினால் பன்னிரண்டு சட்டை வரிசையாகத் தொங்குகிறது. வார்டன் எண் விஷயத்தைத் தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். மெசேஜை உடனே பார்ப்பார்களே என்றுதான் சொன்னேன். உங்களைவிட யார் எனக்கு உடனே பார்க்கப் போகிறார்கள்?

இங்கே எங்களுக்கு ரக்பி சொல்லித்தருவது உடற்கல்வி படிக்கிற வெண்மதி அக்கா. அவர் எனக்குச் சொன்னதைத்தான் இளமதிக்கு எழுதுகிறேன். கீழே இருப்பது அவளுக்கு.

இளமதி, டேக்கிளில் பலத்தைவிடத் தலை எங்கே இருக்கிறது என்பதுதான் முக்கியம். பந்தோடு ஓடுகிறவள் உன் வலது பக்கமாகப் போனால் வலது தோளால் மோது. உன் கன்னம் அவள் இடுப்புக்குப் பின்னால் ஒட்ட வேண்டும். தலை அவளுக்கு முன்னால் போனால் அவள் முழங்கால் நேராக உன் கழுத்துக்கு வரும். இடது பக்கம் ஓடுகிறவளுக்கு இடது தோள். மே விடுமுறையில் பார்த்தேன், உனக்கு இடது தோள் வருவதில்லை, அதற்கும் வலதையே கொடுக்கிறாய், அதனால்தான் தலை முன்னால் விழுகிறது. அது ஏன் வரவில்லை என்று எனக்குத் தெரியும், சின்ன விஷயம்தான். இப்போதே சொன்னால் வலதும் குழம்பிவிடும். முதலில் வலது தோளால் முந்நூறு தடவை. முடித்துவிட்டு எழுது, இடதைச் சொல்கிறேன்.

எல்லோருக்கும் என் அன்பு.

கயல்விழி


முதுநகர்,
15.7.2024

என் கயல் அக்காவுக்கு,

இளமதி வணக்கம் வைக்கிறேன். இங்கே அப்பா சுகம், அம்மா சண்டை போடுகிற அளவுக்குச் சுகம். உனக்கு ஒன்றும் இல்லையே? மாவட்டத் தேர்வில் நீ ஓடியதைப் பார்த்து என் பக்கத்தில் நின்ற பெண் "இவ யாருடி, பஸ்ஸு மாதிரி வர்றா?" என்றாள். எங்க அக்கா என்று சொன்னேன். பெருமையாக இருந்தது.

நானும் தேறிவிட்டேன் என்பதை என்னாலேயே நம்ப முடியவில்லை. அப்பா கோணியில் மணலை நிரப்பி மாமரத்தில் கட்டிவிட்டார். நீ சொன்னபடி வலது தோளால் முந்நூற்றுப் பன்னிரண்டு தடவை மோதினேன். பன்னிரண்டு உனக்காக. தோளில் பச்சையாகக் கன்றிப்போயிருக்கிறது, அம்மா மஞ்சள் அரைத்துப் போட்டு, "பொம்பளப் புள்ளைக்கு இன்னாடி இது?" என்கிறாள். வலது பக்கம் இப்போது எனக்குப் பயமே இல்லை. இடது பக்கம் ஆள் வந்தால் மட்டும் கண்ணை மூடிக்கொள்கிறேன்.

இடது தோள் எப்போது சொல்வாய்? கணக்கு டீச்சர் மாதிரி பாதியில் நிறுத்திவிட்டாயே.

உன் செல்லத் தங்கை,
இளமதி


கடலூர் முதுநகர்,
25.8.2024

அன்பு மருமகளுக்கு,

இங்கே அனைவரும் இருக்கிறோம். உன் உடம்பு எப்படி? விழுப்புரத்தில் அந்த வெயிலில் மூன்று ஆட்டம் ஆடினாய், காய்ச்சல் எதுவும் வரவில்லையே?

மண்டலத் தேர்வில் உன்னைப் பற்றித்தான் எல்லோரும் பேசினார்கள். தேர்வுக் குழுவில் ஒருவர் என்னிடம் வந்து, "அந்த ஏழாம் நம்பர் பொண்ணு உங்க மாவட்டமா சார்?" என்று கேட்டார். என் அக்கா மகள் என்றேன். இளமதி ஏதோ ஆடினாள். இடது பக்கம் இரண்டு பேர் அவளைத் தாண்டி ஓடிவிட்டார்கள். ஸ்டாண்ட்-பை பட்டியலில் முதல் பெயராக வைப்பதாகச் சொன்னார்கள்.

வீட்டில் உன் அத்தை இரண்டு நாளாகப் பேசவில்லை. மூன்றாம் நாள் பேசினாள், அது இன்னும் மோசம். "ஊரு புள்ளைங்களுக்கெல்லாம் பாரம் எழுதிக் குடுக்கறீங்க. எம் பொண்ணு இன்னா பாவம் பண்ணா? செயலாளருன்னு சட்டையில பேட்ஜி குத்திக்கினு திரிஞ்சா போதுமா?" என்றாள். தேர்வு என் கையிலா இருக்கிறது?

பட்டியல் செப்டம்பரில் வரும். வந்ததும் எழுதுகிறேன். நீ அதையே நினைத்துக்கொண்டிருக்காமல் படி.

மாமா


சிதம்பரம்,
22.9.2024

அன்புள்ள மாமாவுக்கு,

கயல்விழி எழுதுவது. எனக்கு ஒரு குறையும் இல்லை. நீங்கள், அத்தை, இளமதி எல்லோரும் நலம்தானே? விநாயகர் சதுர்த்திக்கு ஒரு கடிதம் போட்டேன், பதில் வரவில்லை. தபாலில் தொலைந்திருக்கலாம் என்று இதைப் போடுகிறேன்.

பட்டியல் வந்துவிட்டதா மாமா? வெண்மதி அக்கா படிப்பை முடித்துக்கொண்டு சேலம் போய்விட்டார். இங்கே கேட்க ஆள் இல்லை. வார்டனுக்கு ரக்பி என்றால் கிரிக்கெட்டில் ஒரு வகை என்று நினைப்பு. முதல் ஞாயிறு அம்மா வார்டன் போனில் பேசியபோது கேட்டேன். "மாமன் பாத்துக்கும், நீ சும்மா கெட" என்றது.

தினமும் காலை நாலரைக்கு எழுந்து தனியாக ஓடுகிறேன். மற்ற பெண்கள் "இன்னும் லெட்டர் வரலையா?" என்று கேட்பதை நிறுத்திவிட்டார்கள். அது கேட்டதைவிடக் கஷ்டமாக இருக்கிறது. இல்லை என்றால் இல்லை என்றே எழுதுங்கள், தாங்கிக்கொள்வேன். ஏன் இல்லை என்று தெரிந்தால் அதைச் சரிசெய்வேன்.

இளமதியிடம் சொல்லுங்கள், இடது தோளை மறக்கவில்லை. பரீட்சை முடிந்து ஆயுத பூஜை விடுமுறையில் வந்து நேரிலேயே காட்டுகிறேன்.

பதிலை எதிர்பார்க்கும்,
கயல்விழி


கடலூர் முதுநகர்,
30.9.2024

அன்பு மருமகள் கயல்விழிக்கு,

சுகம், உன் சுகத்தை எழுது. பள்ளியில் காலாண்டுத் தேர்வு வேலை, அதனால்தான் தாமதம். வேறு ஒன்றும் இல்லை.

பட்டியல் இன்னும் வரவில்லை. சங்கத்துக்குள் ஆயிரம் அரசியல். ஒரு கோஷ்டி ஒன்று சொல்கிறது, இன்னொரு கோஷ்டி வேறு சொல்கிறது. இந்த வருடம் போட்டியே நடக்குமா என்று தெரியவில்லை. நீ மனதைப் போட்டு அலட்டிக்கொள்ளாதே. உனக்கு இருக்கிற ஆட்டத்துக்கு அடுத்த வருடம் உன்னை யார் தடுக்க முடியும்?

உனக்கு அடுத்த ஜனவரியில் பதினெட்டு முடிகிறது என்பது ஞாபகம் இருக்கிறது. அதனால் என்ன, பெரியவர்கள் அணி இருக்கிறதே.

இளமதி சென்னையில் அவள் சித்தி வீட்டுக்குப் போயிருக்கிறாள். விடுமுறைக்கு நீ வருவதானால் அவள் இருக்க மாட்டாள். அம்மாவோடு இரு, இங்கே வந்து அலைய வேண்டாம்.

தனியாகக் கூரியரில் கணுக்காலுக்குப் போடும் பட்டை ஒரு ஜோடி அனுப்பியிருக்கிறேன், நல்ல கம்பெனி. காலைப் பார்த்துக்கொள். ஆட்டக்காரிக்குக் கால்தான் எல்லாம்.

மாமா


முகாம், சென்னை,
4.10.2024

என் கயல் அக்காவுக்கு,

இளமதி. உன் கால் எப்படி இருக்கிறது? வலி குறைந்ததா? நடக்கிறாயா, கட்டோடுதான் இருக்கிறாயா? அப்பா உனக்கு எழுத வேண்டாம் என்றார். காலில் அடிபட்டுப் போக முடியாமல் ஆனவளிடம் போய் முகாம் கதை சொன்னால் வருத்தப்படுவாள் என்றார். எனக்கு மனசு கேட்கவில்லை. வார்டன் போனில் கூப்பிடலாம் என்றால் அந்த எண் அப்பாவிடம்தான் இருக்கிறது.

உன் பெயர்தான் முதலில் வந்தது என்று எனக்குத் தெரியும். கால் அடி என்று நீ 'வரவில்லை' கொடுத்ததால்தான் ஸ்டாண்ட்-பையிலிருந்து என்னைக் கூப்பிட்டார்கள். அப்பா சொன்ன அன்று நான் அழுதேன். அம்மா கேசரி கிண்டினாள். நான் சாப்பிடவில்லை, சத்தியமாக. மறுநாள்தான் சாப்பிட்டேன்.

அக்கா, உனக்கு வரவேண்டிய ஏழாம் நம்பர் சட்டையை எனக்குக் கொடுத்திருக்கிறார்கள். எனக்குத் தொளதொள என்று இருக்கிறது. ரொம்பப் பயமாக இருக்கிறது. இங்கே எல்லோரும் மலை மாதிரி இருக்கிறார்கள். டேக்கிள் பயிற்சியில் ஆள் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறாள் என்று பார்த்து, எனக்கு வலது பக்கம் வருகிற மாதிரி வரிசையில் முன்னே பின்னே மாறி நின்றுகொள்கிறேன். கோச் இன்னும் கவனிக்கவில்லை. போய்க் கேட்டால், இதுகூடத் தெரியாமலா வந்தாய் என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள். அப்பா மானம் போய்விடும்.

உடனே இடது தோளை எழுது அக்கா. நீ சின்ன விஷயம் என்றாயே. 15ஆம் தேதி வரை இங்கேதான் இருப்போம். 16 காலை புனே ரயில்.

உன் சட்டையைப் போட்டிருக்கும்,
இளமதி


சிதம்பரம்,
8.10.2024

அன்புள்ள இளமதிக்கு,

கயல் அக்கா எழுதுவது. உன் கடிதம் நேற்று வந்தது. நான் நலமாக இருக்கிறேன். கால் பரவாயில்லை. நீ நேரத்துக்குச் சாப்பிடு, முகாமில் பால் கொடுத்தால் கொட்டாமல் குடி.

இங்கே இரண்டு நாளாக மழை. மெஸ்ஸில் காலை பொங்கல், மதியம் சாம்பார், இரவு அதே சாம்பாரில் தண்ணீர். வார்டன் வளர்க்கிற பூனை நாலு குட்டி போட்டிருக்கிறது. இரண்டு வெள்ளை, ஒன்று சாம்பல், ஒன்று என்ன நிறம் என்று சொல்ல முடியவில்லை. வார்டனே குட்டிகளைத் துணி அலமாரியில் கொண்டுபோய் வைத்துவிட்டு, யார் வைத்தது என்று எங்களையே கேட்கிறார். கீழ வீதியில் நவராத்திரிக்குக் கொலுப் பொம்மைக் கடை போட்டிருக்கிறார்கள். சனிக்கிழமை எங்களை வரிசையாகக் கூட்டிக்கொண்டு போனார்கள். செட்டியார் பொம்மைக்கு மூக்கு உடைந்திருந்தது, ஒரு பெண் அதைப் பார்த்து அரை மணி நேரம் சிரித்தாள். என் அறையில் இருக்கிற பரங்கிப்பேட்டைப் பெண்ணுக்கு அவள் அத்தா துபாயிலிருந்து சாக்லேட் அனுப்பினார், ஆளுக்கு ஒன்று கிடைத்தது. எனக்கு முந்திரி வைத்தது வந்தது. அம்மா உடைத்த முந்திரியாக இருக்குமோ என்று நினைத்துக்கொண்டேன்.

இயற்பியல் பரீட்சை சுமார். தமிழ் நன்றாக எழுதினேன். கணக்கில் கடைசிக் கேள்விக்கு நேரம் இல்லை. உனக்குப் பிடித்த நீலக் கலர் ரிப்பன் இங்கே கிடைக்கிறது, வாங்கி வைக்கிறேன். மழையில் என் செருப்பு வார் அறுந்துவிட்டது. தைக்கிறவர் நாளை வரச் சொன்னார், நாளையும் நாளை என்பார். நேற்று விடுதியில் மின்சாரம் இல்லை. இன்று இருக்கிறது.

பார், பின்பக்க மடிப்பு வரைக்கும் எழுதிவிட்டேன். நீ கேட்டதை எழுதத்தான் உட்கார்ந்தேன். இன்லாண்ட் தாளில் இடம் முடிந்துவிட்டது.

கயல் அக்கா


சிதம்பரம்,
8.10.2024

அன்புள்ள மாமாவுக்கு,

கயல்விழி எழுதிக்கொண்டது. நலமாக இருக்கிறீர்களா? அத்தை நலமா?

நீங்கள் அனுப்பிய பட்டை வந்தது. போட்டுப் பார்த்தேன், சரியாக இருக்கிறது. என் கால் அடியைப் பற்றி இளமதி ரொம்பக் கவலைப்பட்டு எழுதியிருந்தாள். இப்போது வலி இல்லை மாமா. ஆறிவிட்டது.

அம்மாவிடம் ஒன்றும் சொல்லவில்லை. அம்மாவுக்கு இருப்பது நீங்கள் ஒருவர்தான்.

கயல்விழி


முகாம், சென்னை,
12.10.2024

அக்கா, உன் கடிதம் வந்தது. பூனைக் குட்டி விஷயத்தைப் படித்து நானும் ரூமில் எல்லோரும் சிரித்தோம். இடம் முடிந்துவிட்டதே அக்கா! அதனால்தான் நான் கார்டில் எழுதுகிறேன். நீயும் ஒரு கார்டு போடு, இரண்டு வரி போதும். இது வந்த அன்றே போட்டால் 15 அன்று கிடைத்துவிடும். தபால்காரர் பதினோரு மணிக்கு வருகிறார். நான் கேட்டில் நிற்பேன். உன் கால் சுகமாக அம்மனுக்கு வேண்டிக்கொண்டேன். இளமதி.


புதுச்சேரி,
5.11.2024

கயல்விழிக்கு,

உன் மாமா எழுதுவது. நீ சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். எங்கள் சுகத்தைப் பற்றி அக்கா உனக்குச் சொல்லியிருக்கும். முழுதாகச் சொல்லியிருக்காது, அதனால் நான் எழுதுகிறேன்.

போன மாதம் 19ஆம் தேதி புனேயில் இரண்டாவது ஆட்டம். பந்தை வாங்கிய பெண் இளமதிக்கு இடது பக்கமாக ஓடினாள். இவள் வலது தோளோடு போய் விழுந்தாள். தலை அந்தப் பெண்ணுக்கு முன்னால் போனது. முழங்கால் கழுத்தில் இடித்தது. நான் அங்கே இல்லை, யாரோ எடுத்த வீடியோவில்தான் பார்த்தேன். எத்தனை தடவை பார்த்தேன் என்று கேட்காதே. அங்கேயே ஆபரேஷன் செய்து, பத்து நாள் கழித்து இங்கே புதுச்சேரி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தோம். கழுத்தைச் சுற்றி இரும்பு வளையம் போட்டிருக்கிறார்கள். கால் அசைகிறது. வலது கையில் உணர்ச்சி இல்லை, ஒரு ஸ்பூனைப் பிடிக்க முடியவில்லை. "ஆறு மாசம் போகட்டும் சார், அப்புறம் சொல்றேன்" என்கிறார் டாக்டர். அத்தை யாரோடும் பேசுவதில்லை. அவள் கத்தினால் நன்றாக இருக்கும்.

உன் பெயர் செப்டம்பர் 10 காலை வந்தது. நான் பள்ளிக்கூட மைதானத்தில் நின்றுகொண்டிருந்தேன். கை தவறி அழுத்திவிட்டேன் என்று உன்னிடம் சொல்ல மாட்டேன். ஆறு நாள் வைத்திருந்தேன். ஏழாம் நாள் 'வரவில்லை' என்பதை அழுத்தினேன். காரணம் என்ற இடத்தில் காலில் அடி என்று எழுதினேன். மூன்று பேரை எடுத்தால் ஒருத்தி என் பெண்ணாக இருக்கட்டுமே என்று நினைத்தேன். உனக்கு ஆட்டம் இருக்கிறது, எப்படியும் பிழைத்துக்கொள்வாய், இவளுக்கு இந்தச் சான்றிதழ்தான் வழி என்று எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டேன். அவள் தலை எங்கே போகும் என்று எனக்குத் தெரியும். உனக்கு எழுதியதே நான்தானே. தெரிந்துதான் அனுப்பினேன்.

அவள் பையில் உன் இன்லாண்ட் இருந்தது. நாலு தடவை படித்தேன். செருப்பு வார் அறுந்தது வரை எழுதியிருக்கிறாய். உன்னை ஒன்று கேட்க வேண்டும் என்று இருக்கிறது. கேட்கிற யோக்கியதை எனக்கு இல்லை.

டிசம்பரில் பெங்களூரில் தென்னிந்தியப் போட்டி. இளமதியின் இடத்துக்கு உன் பெயரைக் கேட்டு மூன்றாம் தேதி மெசேஜ் வந்தது. ஐந்து நிமிடத்தில் 'வருகிறேன்' என்று அழுத்திவிட்டேன்.

ஒரே ஒரு வேண்டுகோள். இவளுக்கு எதுவும் தெரியாது. தினமும் பதினோரு மணிக்குக் கண்ணைத் திறந்து, "அக்கா கிட்டேர்ந்து லெட்டர் வந்துச்சாப்பா?" என்று கேட்கிறாள். ஏதாவது நாலு வரி எழுது.

செந்தமிழ்செல்வன்


சிதம்பரம்,
11.11.2024

அன்புள்ள மாமாவுக்கு,

கயல்விழி எழுதுவது. நான் நலம். நீங்கள் வேளைக்குச் சாப்பிடுங்கள், அத்தையையும் சாப்பிட வையுங்கள்.

பெங்களூர் போகிறேன். என் பதிவில் இருந்த எண்ணை மாற்றி வார்டன் எண்ணைக் கொடுத்துவிட்டேன். மாற்றும்போது உங்கள் போனுக்கு ஓ.டி.பி. வந்திருக்கும், வார்டன் கூப்பிட்டுக் கேட்டவுடன் சொன்னீர்களாம். அதற்கு நன்றி. பட்டை இரண்டையும் கூரியரில் திருப்பி அனுப்பியிருக்கிறேன். எனக்குத் தேவைப்படவில்லை.

நீங்கள் கேட்காமல் விட்டதற்குப் பதில் சொல்கிறேன். அவளுடைய கார்டு அக்டோபர் 14ஆம் தேதியே இங்கே வந்துவிட்டது. அன்று மாலையே வார்டன் போனில் முகாமுக்குக் கூப்பிட்டு அவளிடம் சொல்லியிருக்கலாம். கெஞ்சினால் வார்டன் கொடுப்பார். நான் கார்டைப் பாடப் புத்தகத்தில் வைத்துவிட்டு ஓடப் போய்விட்டேன். அன்று நன்றாக ஓடினேன். அவள் மேல் எனக்குக் கோபம் இருந்ததில்லை, இப்போதும் இல்லை. உங்கள் மேல் இருந்தது. உங்களை எங்கே தொட்டால் வலிக்கும் என்று யோசித்தேன், வேறு இடம் கிடைக்கவில்லை. செய்தி கேட்ட அன்று அழுகை வரும் என்று காத்திருந்தேன், வரவில்லை. இன்னும் காத்திருக்கிறேன்.

இளமதிக்கு எழுத வேண்டியது கீழே இருக்கிறது. அவளால் காகிதத்தைப் பிடிக்க முடியாது என்பதால் நீங்கள்தான் படித்துக் காட்ட வேண்டும். நிறுத்தி, மெதுவாகப் படியுங்கள்.

என் செல்ல இளமதிக்கு, அக்கா சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிறேன். இடது தோளால் மோதும்போது இடது கால் முன்னால் இருக்க வேண்டும். நீ வலது காலை ஊன்றிக்கொண்டு இடது தோளைக் கொடுக்கப் பார்க்கிறாய், அதனால் உடம்பு தானாக வலது பக்கம் திரும்பிவிடுகிறது. எந்தத் தோளோ அந்தக் கால். அவ்வளவுதான்.

எழுத நாலு வரிதான் ஆனது மாமா. மீதி இன்லாண்ட் காலியாகவே இருக்கிறது.

கயல்விழி